எங்கே போயிற்று இரண்டரை மணி நேரம்?

"ஏழை கட்டாந்தரையில் படுத்தாலும் கண்ணயர்ந்து விடுவான்; பணக்காரன் பஞ்சணையில் படுத்தும் புரண்டு கொண்டே கிடப்பான்."

இந்த உபதேசத்தைக் கேளாத தமிழர் இருக்க முடியாது. காலட்சேப மேடையிலே கேட்டோம். நாடகக் கொட்டகையிலே கேட்டோம். திரைப்படத்திலே கேட்டுக் கைதட்டினோம். ஏழைக்கு வீடு இல்லை, நிலம் இல்லை, கையிருப்பு இல்லை. ஆனால் என்ன, தூக்கம் என்ற பெருஞ்செல்வத்தை ஆண்டவன் அவனுக்கே அள்ளிக் கொடுத்திருக்கிறான் என்று நம்மைத் தேற்றினார்கள். தேற்றியவர்கள் யார் என்று திரும்பிப் பார்த்தால், பெரும்பாலும் மெத்தையிலே படுத்தவர்கள்தாம்!

நாமும் அதை ஓரளவு நம்பியே இருந்தோம். பாடுபட்ட உடம்பு, படுத்தால் தூங்காதா என்று எண்ணினோம். அந்த நம்பிக்கையைச் சென்னையிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சி உடைத்து விட்டது. ஏழைக்குத் தூக்கமும் இல்லை என்பதை அது கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறது. பெரிய பெரிய ஏடுகளின் உள் பக்கத்திலே வந்து மறைந்து போன செய்தி அது. பாட்டாளி மக்கள் படித்தே ஆக வேண்டிய செய்தி என்பதால் இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

கடிகாரம் சொன்ன கணக்கு

அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு, பென்சில்வேனியா முதலிய பல்கலைக் கழகங்களைச் சேர்ந்த பெட்ரோ பெசோனே, கௌதம் ராவ், பிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்டு, மாட்டி டோமா ஆகிய ஐவர் சென்னையிலே இந்த ஆராய்ச்சியை நடத்தினர். அதன் முடிவு 2021ஆம் ஆண்டில் பொருளாதார இதழ் ஒன்றில் வெளியாயிற்று. குறைந்த வருமானமுள்ள 452 பேரை அழைத்து, கணிப்பொறியில் விவரங்களைப் பதியும் வேலையை ஒரு மாதத்துக்குக் கொடுத்தார்கள். எவ்வளவு பதிகிறார்களோ அதற்கேற்பக் கூலி. கூடவே, அவர்கள் மணிக்கட்டில் கடிகாரம் போன்ற ஒரு கருவியைக் கட்டினார்கள். உடம்பின் அசைவைக் கொண்டு, ஒருவர் தூங்குகிறாரா, விழித்துக் கிடக்கிறாரா என்று இரவெல்லாம் குறித்து வைக்கும் கருவி அது.

"நேற்று நன்றாகத் தூங்கினாயா?" என்று வாயால் கேட்டால் யாரும், "ஏதோ தூங்கினேன்" என்றுதான் சொல்வார்கள். கருவிக்கு அந்தக் கூச்சம் இல்லை. அது சொன்ன கணக்கைப் பாருங்கள்.

படுக்கையில் கிடந்தது, இரவுக்குச் சுமார் 8 மணி நேரம். தூங்கியதோ, சுமார் ஐந்தரை மணி நேரம். அந்த ஐந்தரை மணி நேரமாவது ஒரே தூக்கமா? இல்லை. ஓர் இரவில் முப்பது தடவைக்கு மேல் கலைந்து கலைந்து வந்த தூக்கம். மேலை நாடுகளில் தூக்க நோய்க்காக மருத்துவரைத் தேடிப் போகிறார்களே, அவர்களுடைய தூக்கத்துக்கு நிகரான தூக்கம்தான் நமது சென்னை ஏழையின் அன்றாடத் தூக்கம் என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள்.

எட்டிலே ஐந்தரை போனால் இரண்டரை. அந்த இரண்டரை மணி நேரம் எங்கே போயிற்று?

பேசின் பிரிட்ஜில் ஓர் இரவு

இதற்கு விடை தேட அமெரிக்கா போக வேண்டியதில்லை. சென்ட்ரலை விட்டுப் புறப்பட்ட வண்டி முதலில் தொடும் பேசின் பிரிட்ஜுக்கு வந்தால் போதும்.

அரக்கோணம் வழியும் கும்மிடிப்பூண்டி வழியும் பிரியும் இடம் இது. நெடுந்தூரம் ஓடி வந்த ரயில் பெட்டிகளைக் கழுவித் துடைத்து மறுபடி அனுப்பும் பணிமனையும் இங்கேதான். இரவு, பகல் என்ற பேதம் இந்த இடத்துக்குக் கிடையாது. பெட்டியோடு பெட்டி மோதும் ஓசை, எஞ்சினின் ஊதல், தண்டவாளத்தின் அதிர்ச்சி, இவற்றின் நடுவே புளியந்தோப்பும் வியாசர்பாடியும் யானைக்கவுனியும் படுத்துத் தூங்க முயல்கின்றன. பக்கத்திலே பக்கிங்காம் கால்வாய். ஓட்டேரி நல்லாவின் சாக்கடையும் அதிலே வந்து கலக்கிறது. ஒரு காலத்தில் படகு ஓடிய கால்வாயில் இன்று கொசுதான் குடியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சென்னைக்கு மின்சாரம் தந்த நிலையம் எழுந்ததும் இதே பேசின் பிரிட்ஜில்தான். ஊருக்கெல்லாம் விளக்கும் விசிறியும் ஓட்டிய இடத்தில், கோடை இரவில் சுவரே சூட்டைக் கக்குகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே சுழலும் விசிறி வெந்த காற்றைத்தான் வீசுகிறது.

இந்தப் பகுதியிலே ஒரு கிடங்கில் மூட்டை இறக்கும் தோழர் ஒருவரை நாம் அறிவோம். ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் இரவு வேலை. அவரிடம் இந்த ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னோம். சிரித்தார்.

"அண்ணே, இதுக்குக் கருவி வேற கட்டணுமா? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே! ஒம்போது மணிக்குப் படுப்பேன். கண்ணை மூடினா ரயிலு, கண்ணைத் தொறந்தா கொசு. ஒரே ரூம்ல ஆறு பேரு. சின்னது அழுதா எல்லாரும் எழுந்துக்கணும். காலைல அஞ்சு மணிக்குத் தண்ணி வந்தா வீட்ல எழுந்து போவாங்க, அந்தச் சத்தம். நைட் ஷிப்டு வாரத்துல கேக்கவே வேணாம். பகல்ல எவன்ணே தூங்க விடுவான்?"

வேலை நேரத்தில் மூட்டை மேலேயே ஒரு முறை கண்ணயர்ந்து விட்டதற்காக அரை நாள் கூலியைப் பிடித்துக் கொண்டார்களாம். கூலி பிடித்த மேஸ்திரி சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? "கும்பகர்ணன்!"

ஐந்தரை மணி நேரம்கூட முழுதாகத் தூங்காதவனுக்குக் கும்பகர்ணன் பட்டம்! தூங்க விடாமல் தடுத்து விட்டு, தூங்குகிறான் என்று தண்டிக்கும் நியாயத்தை என்னவென்று சொல்வது?

அந்தத் தோழர் அடுக்கிய காரணங்களும் ஆராய்ச்சியாளர்கள் கண்ட காரணங்களும் ஒன்றே. வெப்பம், ஓசை, கொசு, வெளிச்சம், இடநெருக்கடி, உடல் வலி, மனக் கவலை. இவற்றில் எதுவும் தூங்குகிறவனின் குற்றம் அல்ல என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம். இரண்டரை மணி நேரத்தை அவன் சூதாடித் தொலைக்கவில்லை. நகரம் அவனிடமிருந்து பிடுங்கிக் கொண்டது.

கட்டில் கொடுத்தால் போதுமா?

ஆராய்ச்சியாளர்கள் அதோடு நிற்கவில்லை. தூக்கத்தைக் கூட்டிப் பார்ப்போம் என்றார்கள். சிலருக்குத் தூக்கத்தின் நன்மைகளை எடுத்துச் சொன்னார்கள். கட்டில், மெத்தை, தலையணை, மேசை விசிறி, கண்ணை மூடும் திரை, காதை அடைக்கும் பஞ்சு போன்ற பொருள்களைக் கொடுத்தார்கள். கூடுதலாகத் தூங்கினால் பணம் என்றுகூடச் சிலருக்குச் சொன்னார்கள். பலன் கிடைத்தது. சராசரியாக இரவுக்கு 27 நிமிடம் தூக்கம் கூடிற்று.

ஆனால் அடுத்துக் கண்டதுதான் அறிஞர்களையே திகைக்க வைத்தது. 27 நிமிடம் கூடினால் வேலைத் திறன் கூடும், கவனம் கூடும், மனம் தெளியும் என்று தூக்க நூல் வல்லுநர்கள் எதிர்பார்த்தார்கள். ஒன்றும் கூடவில்லை! வேலை அப்படியே. கவனம் அப்படியே. மனநிலை அப்படியே.

ஏன்? ஆராய்ச்சியாளர்கள் ஒரு விளக்கத்தைச் சுட்டுகிறார்கள். படுக்கையில் கிடக்கும் நேரம் நீண்டது. அதனால் தூக்கமும் கொஞ்சம் நீண்டது. ஆனால் தூக்கத்தின் தரம் உயரவில்லை. முன்பு எப்படிக் கலைந்து கலைந்து வந்ததோ, அப்படியேதான் பின்பும் வந்தது. கிழிந்த வேட்டியோடு இன்னொரு முழக் கிழிசலைச் சேர்த்துத் தைத்தால், வேட்டி நீளும், மானம் காக்குமா?

இதிலே நமக்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. "சீக்கிரம் படு", "கைப்பேசியைத் தள்ளி வை", "மனத்தை அமைதியாக்கு", "மூச்சுப் பயிற்சி செய்" என்று நாள்தோறும் உபதேசம் பொழிகிறார்கள். உபதேசம் தீது என்று நாம் சொல்லவில்லை. கைப்பேசியைத் தள்ளி வைப்பது நல்லதுதான். ஆனால் ஒரே அறையில் ஆறு பேர் படுத்திருக்கும்போது, கால்வாய் நாறும்போது, கூரை கொதிக்கும்போது, தனி மனிதனுக்குச் சொல்லும் உபதேசமும் இலவசமாய்க் கொடுக்கும் தலையணையும் எவ்வளவு தூரம் போகும்? 27 நிமிடம் போகும். அதற்கு மேல் போவதற்குக் குடியிருப்பு மாற வேண்டும், சாக்கடை மாற வேண்டும், வேலை முறை மாற வேண்டும்.

அரை மணி நேரக் கண்ணயர்வு

அதே ஆராய்ச்சியில் இன்னொரு சோதனையும் நடந்தது. சிலருக்கு மட்டும், பகல் உணவுக்குப் பின், வேலை செய்யும் இடத்திலேயே அமைதியான ஓரிடத்தில் அரை மணி நேரம் படுத்துக் கண்ணயர வசதி செய்து கொடுத்தார்கள். இரவில் கூடிய 27 நிமிடம் செய்யாததை இந்தப் பகல் தூக்கம் செய்தது! வேலைத் திறன் கூடிற்று. கவனம் கூடிற்று. மனம் தெளிவடைந்தது. ஆட்டம் இல்லாத, ஓசை குறைந்த இடத்தில் கிடைத்த அரை மணி, அவதியில் கிடைத்த அரை மணியை வென்றது.

"ஆகா, இனிப் பகலில் தூங்க விடுவார்கள்" என்று தோழர்கள் அவசரப்பட வேண்டாம். ஆராய்ச்சியின் மறு பாதியையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை. தூங்கியவர்கள், சும்மா ஓய்வெடுத்தவர்களை விட அதிகம் வேலை செய்தார்கள். ஆனால் அந்த அரை மணியிலும் ஓயாமல் வேலை செய்தவர்களே, மொத்தக் கணக்கில் அதிக வேலை முடித்து, அதிகக் கூலி பெற்றார்கள். அதாவது, தூக்கத்தால் வந்த சுறுசுறுப்பு, தூக்கத்துக்குச் செலவான நேரத்தை முழுவதும் ஈடு கட்டவில்லை.

முதலாளி இதைப் படித்தால் என்ன சொல்வார்? "பார்த்தாயா, கணக்கு உதைக்கிறது" என்பார். இங்கேதான் நாம் உறுதியாக நிற்க வேண்டும். "எங்களைத் தூங்க விட்டால் உனக்கு லாபம்" என்று மட்டும் வாதாடப் புகுந்தால், லாபம் இல்லை என்று காட்டிய மறு நாளே நம் வாதம் விழுந்து விடும். ஓய்வு என்பது லாபக் கணக்கின் ஒரு வரி அல்ல. அந்த அரை மணியில் தொழிலாளியின் மனம் தெளிந்ததே, அது யாருடைய பேரேட்டில் வரவு? முதலாளியின் பேரேட்டில் இல்லை. அந்தத் தொழிலாளியின் வாழ்க்கையில் வரவு. அதுவே போதுமான நியாயம் என்கிறோம் நாம்.

உடம்பு கொடுக்கும் விலை

தூக்கம் போனால் போகிறது, பணம் வருகிறதே என்று நினைக்கும் இளந்தோழர்களும் உண்டு. இரட்டை ஷிப்டு கிடைத்தால் மகிழ்ந்து போகிறார்கள். அவர்களுக்கு மூன்று செய்திகளை நினைவூட்டுகிறோம்.

உயிரின் ஒவ்வோர் அணுவிலும் பகலிரவு அறியும் ஓர் உட்கடிகாரம் ஓடுகிறது. அது ஓடும் விதத்தைக் கண்டறிந்ததற்காக ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. ஷிப்டு மாறும்போது மேஸ்திரியின் கடிகாரம் ஒரே நாளில் மாறி விடும். உடம்பின் கடிகாரம் மாறாது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, இரவு ஷிப்டு வேலை புற்றுநோயை உண்டாக்கக் கூடிய வாய்ப்புள்ளது என்று 2007இல் வகைப்படுத்தியது. 2019இல் மறுபடி ஆராய்ந்து அதையே உறுதி செய்தது.

அதே நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட கணக்கு இன்னும் கொடியது. நீண்ட நேர வேலையின் காரணமாக, மூளைத் தாக்கிலும் மாரடைப்பிலும் 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 7,45,000 பேர் மாண்டனர். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைக் காட்டிலும் மூளைத் தாக்கு வரும் அபாயம் 35 விழுக்காடு அதிகம். இரட்டை ஷிப்டில் வந்த பணத்தைப் பின்னாளில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் நின்று எண்ணுவதிலே என்ன பயன்?

குற்றவாளிக் கூண்டில் ஏழை

"ஏழைக்குப் புத்தி போதாது, முன்யோசனை கிடையாது, குடித்தே அழிகிறான்." மேட்டுக்குடியினர் நீண்ட காலமாக எழுதி வைத்திருக்கும் குற்றப் பத்திரிகை இது. தமிழ்நாட்டிலே நடந்த வேறு இரண்டு ஆராய்ச்சிகள் இதற்குப் பதில் சொல்கின்றன.

2013இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாபிர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரங்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்தனர். கரும்பு வெட்டுமுன், கை வறண்டு கிடக்கும் காலத்தில் அறிவுச் சோதனை வைத்தார்கள். வெட்டிப் பணம் வந்த பின் அதே ஆட்களுக்கு மீண்டும் வைத்தார்கள். அதே மனிதர், அதே மூளை; பணம் வந்த பின் மதிப்பெண் உயர்ந்தது! வறுமை மூளையைக் குறைக்கவில்லை. மூளையின் கவனத்தைக் கடனும் கவலையும் தின்று கொண்டிருந்தன. அந்தத் தின்னுதல் எவ்வளவு பெரிது என்பதற்கு அவர்கள் காட்டிய ஒப்புமை என்ன தெரியுமா? ஓர் இரவு முழுதும் தூங்காமல் இருந்தால் எவ்வளவு மந்தம் வருமோ, கிட்டத்தட்ட அவ்வளவு என்றார்கள். அப்படியானால், கவலையும் இருந்து தூக்கமும் இல்லாத நமது தோழனின் நிலை என்ன?

இன்னொன்று, முன்னே சொன்ன ஐவரில் ஒருவரான பிராங்க் ஷில்பாக், சென்னையில் சைக்கிள் ரிக்ஷா ஓட்டிய 229 பேரிடம் நடத்தியது, 2019இல் வெளியாயிற்று. பகலில் குடிக்காமல் வந்தால் கூடுதல் தொகை என்றார். பகல் குடி குறைந்தது. சேமிப்பு கணிசமாக உயர்ந்தது. அதை விட முக்கியமான செய்தி வேறு. குடித்தாலும் குடிக்காவிட்டாலும் பணம் உண்டு என்ற ஏற்பாட்டைத் தள்ளிவிட்டு, குடிக்காவிட்டால்தான் பணம் என்ற ஏற்பாட்டை, தமக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தும், கேட்டு வாங்கிக் கொண்டவர்கள் பலர். குடியை விட்டொழிக்க வேண்டும் என்ற ஆசை அவர்களிடம் இல்லை என்று இனி யார் சொல்வது?

"உடம்பு வலி மறக்க ஒரு கிளாஸ், தூக்கம் வர ஒரு கிளாஸ்" என்று சொல்லும் தோழர்களை நாம் அறிவோம். அது வைத்தியம் அல்ல. மது கண்ணை மூட வைக்கும். பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்து எழுப்பி விடும். இதை அவர்களிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஏளனமாக அல்ல. தூங்க முடியாத வீட்டையும் சேர்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எட்டு மணி நேரத்தின் கதை

உழைப்புக்கு எட்டு மணி, ஓய்வுக்கு எட்டு மணி, நமக்கென்று எட்டு மணி. உலகப் பாட்டாளி வர்க்கம் எழுப்பிய முழக்கம் இது. 1923ஆம் ஆண்டு மே முதல் நாளில் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையிலே செங்கொடி ஏற்றி, இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார்.

அதற்கும் முன்னே, 1918 ஏப்ரல் 27ஆம் நாள், பேசின் பிரிட்ஜுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள பெரம்பூரிலே, பின்னி ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிற் சங்கம் பிறந்தது. பி. பி. வாடியாவும் திரு. வி. க.வும் அதை வளர்த்தார்கள். அன்றைய தொழிலாளர் சொன்ன குறைகளில் முதன்மையான ஒன்று என்ன? மதிய இடைவேளை போதவில்லை என்பது! வாயிலே போட்ட சோற்றை மென்று விழுங்க நேரமில்லை என்று அழுதார்கள். நூறாண்டு கழித்து, மதிய இடைவேளையில் அரை மணி கண்ணயர்ந்தால் மனிதன் மனிதனாகிறான் என்று பல்கலைக் கழகம் எழுதுகிறது. நம் பாட்டன்மார் கருவி கட்டாமலே கண்ட உண்மை!

அந்த நேரம் யாரும் தானமாகத் தந்ததா? 1911இல் நெசவாலையில் வளர்ந்த ஆணுக்கு நாளைக்கு 12 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். 1922இல் அது 11 ஆயிற்று. 1934இல் நிரந்தரத் தொழிற்சாலைகளில் 10 ஆயிற்று. 1948இன் தொழிற்சாலைச் சட்டத்தில், நாளைக்கு 9, வாரத்துக்கு 48 ஆயிற்று. ஒவ்வொரு மணிக்கும் பின்னால் வேலை நிறுத்தம் உண்டு, கதவடைப்பு உண்டு, துப்பாக்கிச் சூடு உண்டு.

அந்தப் படிகளிலே கீழே இறக்கும் முயற்சியும் நம் கண் முன்னே நடந்தது. 2023 ஏப்ரல் 21ஆம் நாள், 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. வாரத்துக்கு 48 மணி மாறாது, நாலு நாள் உழைத்தால் மூன்று நாள் ஓய்வு என்றார்கள். சங்கங்கள் எதிர்த்தன, தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. சில நாட்களிலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று, திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அது தொழிலாளரின் வெற்றி.

மூன்று நாள் ஓய்வு என்ற அந்த வாதத்தைத் தூக்கக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 12 மணி வேலை. போக வர இரண்டு, மூன்று மணி. குளிக்க, உண்ண, பிள்ளை முகம் பார்க்க இரண்டு மணி. மிச்சம் எவ்வளவு? அதிலும் பேசின் பிரிட்ஜ் பிடுங்கிக் கொள்ளும் பங்கு போக எவ்வளவு? தூக்கத்தை மூட்டையிலே கட்டி வெள்ளிக்கிழமைக்கு எடுத்து வைக்க முடியாது.

ஆபத்து முழுதும் நீங்கி விட்டதாகவும் எண்ண வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. நாளைக்கு 8 மணி நேரம் என்று அதிலே எழுதியிருக்கிறது, உண்மை. ஆனால் அந்த 8 மணியை எத்தனை மணி நேரத்துக்குள் பரப்பலாம், இடைவேளை எவ்வளவு என்பவற்றை அரசின் அறிவிக்கைக்கு விட்டிருக்கிறது. ஆகவே அறிவிக்கைகளை வரி வரியாகப் படிப்பது சங்கத் தோழர்களின் கடமை.

நாம் கேட்க வேண்டியவை

கூலி ஒப்பந்தம் பேசும்போது தூக்கத்தையும் மேசை மேல் வையுங்கள். இரவு ஷிப்டு முடிந்தவனை மறு நாள் காலையிலேயே கூப்பிடாதே என்று கேளுங்கள். ஷிப்டு மாறும் பட்டியலை முன்கூட்டியே ஒட்டச் சொல்லுங்கள். விசிறியும் பாயும் உள்ள ஓய்வறை வேண்டும் என்று கேளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதிலே இடம் வேண்டும்.

வார்டுக் கூட்டத்திலே கால்வாயைப் பற்றிப் பேசுங்கள். கொசு ஒழிப்பு என்பது காய்ச்சலுக்கு மட்டும் மருந்தல்ல, தூக்கத்துக்கும் மருந்து. வாரியக் குடியிருப்பு கட்டும்போது, சுவரின் கனம், கூரையின் சூடு, காற்று வரும் வழி ஆகியவற்றைக் கேளுங்கள். கால்வாய்க் கரையில் இருந்தவர்களைப் பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களுக்குப் பெயர்த்து விட்டு, வேலை மட்டும் நகரத்திலேயே இருந்தால், பஸ்ஸிலே போகும் அந்த நேரம் எதிலிருந்து கழிகிறது? தூக்கத்திலிருந்துதான்.

வீட்டிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நமக்கு ஐந்தரை மணி என்றால், நமக்குப் பின் படுத்து, தண்ணீருக்காக நமக்கு முன் எழும் பெண்ணுக்கு எத்தனை மணி? குடத்தை ஒரு நாள் நாம் தூக்கினால் கௌரவம் குறைந்து விடாது, தோழர்களே!

நம் பக்கமும் பார்ப்போம்

கடைசியாக, நம்மை நாமே கேட்டுக் கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு முதல் உள்ள விதி. நமது பொதுக்கூட்டங்கள் பத்து மணிக்கு முடிகின்றனவா? கோவில் திருவிழாவின் குழாயைக் குறை சொல்லும் நாம், நமது மேடையின் குழாய் யாருடைய குடிசையை நோக்கித் திரும்பியிருக்கிறது என்று பார்த்ததுண்டா? தொழிலாளியின் உரிமைக்காக நள்ளிரவு வரை முழங்கி, விடிந்தால் ஷிப்டுக்குப் போக வேண்டிய தொழிலாளியைத் தூங்க விடாமல் செய்தால், அவன் நம்மை வாழ்த்துவானா? கிளைக் கூட்டத்தை நள்ளிரவுக்கு இழுப்பதும் அதே தவறுதான். நேரத்தோடு தொடங்குவோம், நேரத்தோடு முடிப்போம். பிறரிடம் கேட்கும் நியாயத்தை முதலில் நாம் செய்து காட்டுவோம்.

மூட்டை தூக்கும் அந்தத் தோழரிடம் விடை பெறும்போது, "இதெல்லாம் எழுதினா என்னண்ணே ஆகும்?" என்று கேட்டார். நாளைக்கே ரயில் நிற்காது, கொசு சாகாது. ஆனால் தூங்கி வழிகிறான் என்று இனி ஒரு மேஸ்திரி கூலியைப் பிடித்தால், "என் இரண்டரை மணி நேரத்தை முதலில் கொடு, பிறகு அரை நாள் கூலியைப் பற்றிப் பேசு" என்று கேட்க ஒரு கணக்கு கையில் இருக்கிறது. தனியாகக் கேட்டால் வேலை போகும். சங்கமாகக் கேட்போம்.